கையைப் பின்னால் கட்டிய டீச்சர்

முதல் நாள் நான் பால்வாடிக்குள் எட்டிப் பார்த்தபோது, இரண்டரை வயதுப் பையன் ஒருவன் கையில் கத்தி இருந்தது.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு பலகை, பலகைமேல் ஒரு வாழைப்பழம். நாக்கைத் துருத்திக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தெருவில் வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி நின்றிருந்தார். "ஐயோ கத்தி, கத்தி!" என்று நான் போட்ட கூச்சலில், இடுப்பில் இருந்த என் மகள் தேஜு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கூவாதம்மா. நீ கூவுனாதான் அவன் கைய அறுத்துக்குவான். இரு, வருது."

பழம் நான்கு துண்டாக வந்தது. பையன் ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை. கத்தி மொண்ணை, பழத்தைத் தவிர வேறெதுவும் அதில் அறுபடாது என்பது பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் என் கோபம் தணியவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

திருத்தணியில் மலைக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. வீட்டுக்கு இரண்டு விசைத்தறி ஓடும். ஆண்கள் தறியைப் பார்ப்பார்கள், நாங்கள் நூல் சுற்றுவோம். ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் தவழ்கிற பிள்ளையை விட முடியாது. அதனால் தெருச் சங்கத்தார் ஒரு அறையை ஒழித்து, நாங்கள் பால்வாடி என்று சொல்லும் அந்த இடத்தை நடத்தினார்கள். சமைக்க ஓர் ஆயாம்மா, பார்த்துக்கொள்ள இந்த டீச்சர். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் தெருவிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் டீச்சர். முதுகுக்குப் பின்னால் 'கையக் கட்டுன டீச்சர்'.

ஐம்பதை ஒட்டிய வயது. தெருவிலேயே உயரமான பொம்பளை அவர்தான், நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். அவ்வளவு உயரமானவர் அந்த அறையை எப்படி வைத்திருந்தார் என்றால், எதுவுமே என் முட்டிக்கு மேல் இல்லை. பை மாட்டும் ஆணி முட்டி உயரத்தில். தண்ணீர்ப் பானை குட்டை ஸ்டூலில். தட்டுகள் அலமாரியின் கடைசித் தட்டில். துடைப்பத்தைப் பாதியாக வெட்டி வைத்திருந்தார். முகம் பார்க்கும் கண்ணாடி தரையோடு தரையாக இருந்தது. அதில் பெரியவர்களுக்குத் தங்கள் பாதம்தான் தெரியும். குடிக்க எவர்சில்வர் டம்ளர் கிடையாது, டீக்கடை மண் டம்ளர்தான்.

"ஒடஞ்சா கீழ ஓடு கெடக்குமே டீச்சர், கால்ல குத்தாதா?" என்று கேட்டேன்.

"எவர்சில்வர் வுழுந்தா சத்தம் வரும், அவ்ளோதான். ஒடையும்னு தெரிஞ்சாதாம்மா கெட்டியா புடிக்கும்."

முதல் வாரத்தில் தேஜு நான்கு டம்ளர் உடைத்தாள். ஐந்தாவதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். சங்கச் செயலாளர் இதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நம்ம காசுல குயவருக்கு பொழப்பு ஓட்டிகினு கீறியா?" என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

தேஜுவைப் பற்றிச் சொன்னால்தான் என் கோபம் புரியும். அவளுக்கு முன் இரண்டு என் வயிற்றிலேயே கலைந்துபோயின. மூன்றாவதாக இவள் உயிரோடு வந்தபோது, இனி இது என் கையைவிட்டு இறங்காது என்று முடிவு செய்துவிட்டேன். மூன்று வயது வரை இடுப்பிலேயே இருந்தாள். சோறு ஊட்டுவேன், தண்ணீர் வாயில் வைப்பேன், செருப்பு மாட்டுவேன். செருப்பு எதற்கு, கீழேதான் விடுவதில்லையே என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். இப்படி வளர்த்த பிள்ளையைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒருத்தியிடம் விட்டால் எப்படி இருக்கும்?

ஒரு நாள் காலை அவளை விடப் போனேன். செருப்பின் வாரைக் கழற்றத் தேஜு போராடிக்கொண்டிருந்தாள். இழுக்கிறாள், வரவில்லை. அழுகிறாள், மறுபடி இழுக்கிறாள். நான் குனிந்தேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பிடி இரும்பாக இருந்தது.

"கைய பின்னால கட்டு."

"எனக்கு ரெண்டு போயி பொறந்தவ டீச்சர் இவ."

"தெரியும்மா. அதான் அவளுக்கு காலு கைன்னு ஒண்ணு கீதுன்னே நீ நம்ப மாட்டேங்கற."

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன், கையைக் கட்டித்தான் நின்றேன். கடைசியில் வார் கழன்றது. தேஜு செருப்பைத் தூக்கி எனக்குக் காட்டவில்லை, டீச்சருக்குக் காட்டினாள். எனக்கு அவர்மேல் இருந்தது அக்கறையால் வந்த கோபம் மட்டுமல்ல, சரியான பொறாமையும்தான்.

அவர் சொல்லிக்கொண்டே இருந்த வார்த்தைகள் இரண்டுதான். பெற்றவர்களிடம் 'இரு, வருது.' பிள்ளைகளிடம் 'இன்னொருவாட்டி.' சபாஷ் என்று சொல்லமாட்டார், திட்டவும் மாட்டார். சிந்தினால் ஒரு துணியைக் காட்டுவார், பிள்ளை போய் எடுத்துவந்து துடைக்கும். மத்தியானச் சாப்பாட்டைப் பிள்ளைகளேதான் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஆயாம்மா குண்டானைக் குட்டை பெஞ்சில் ஆறவைத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். தட்டு போடுவது சின்னதுகள் வேலை. சோறு வைப்பது அதற்கு மேல். கரண்டியால் சாம்பார் ஊற்றுவதுதான் அங்கே பெரிய பதவி. தேஜுவுக்கு அந்தப் பதவிமேல் ஒரே ஆசை. தினமும் கேட்டு வாங்கி, தினமும் தரையில் ஊற்றிவிட்டு வருவாள். கவுனின் முன்பக்கமெல்லாம் மஞ்சள். "இன்னிக்கும் சிந்திட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, "டீச்சர் இன்னொருவாட்டின்னாங்க" என்பாள். ஒரு மாதமாக இதேதான்.

பிறகு மலை விஷயம் வந்தது.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு என் ஓரகத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "உங்க டீச்சர் பசங்கள படி ஏத்தறா! உம்பொண்ணு படியில குந்திகினு அழுதுகினு கீது!" என்றாள். முந்நூற்று அறுபத்தைந்து படி. மொட்டை போடப் போகும்போதுகூட நாங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் ஏறுவோம். சுற்றிக்கொண்டிருந்த நூலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் கூட்டிப்போன பெரிய பிள்ளைகள் ஒன்பதும் மண்டபத்து நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. தேஜுவின் முட்டி இரண்டும் சிராய்த்திருந்தது. கடைசிப் படிகளை நாலுகாலில் ஏறியிருக்கிறாள். டீச்சர் அவளுக்குப் பின்னாலேயே, அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்து, எழுந்தால் எழுந்து, ஒரு தடவையும் தூக்காமல் வந்தாராம். கீழே இறங்குகிற சனம் எல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனதாம்.

"நீங்கள்லாம் மனுசியா?" என்று கேட்டேன்.

"நான் தூக்கலம்மா. அவளே வந்தா. அவ மூஞ்சிய பாரு மொதல்ல, அப்பறம் முட்டிய பாரு."

நான் முட்டியைத்தான் பார்த்தேன். அன்றைக்கே உட்கார்ந்து சங்கத்துக்கு மனு எழுதினேன். 'குழந்தைகளை இம்சிக்கிறார்' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். பதினொரு கையெழுத்து வாங்கினேன். அதே வாரத்தில்தான் தேஜு முதல் தடவையாக வீட்டில் தானே தண்ணீர் மொண்டு குடித்தாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. இவள் எல்லாவற்றையும் தானே செய்துகொண்டால் நான் எதற்கு?

சங்கத்தார் மனுவை எடுத்துக்கொண்டார்கள். முதலில் ஆயாம்மாவை விசாரிப்போம், அவர் டீச்சருக்கு எதிரில் வாய் திறக்கமாட்டார், தனியாகக் கூப்பிட்டுக் கேட்போம் என்றார்கள். ஒரு வியாழக்கிழமை சமையலை முடித்து வைத்துவிட்டு ஆயாம்மா சங்க அறைக்குப் போனார், அங்கிருந்து அப்படியே வீட்டுக்கு. பால்வாடியில் டீச்சரும் பதினான்கு பிள்ளைகளும்.

அன்று மத்தியானம் கரண்ட் போயிற்று. எங்கள் தெருவில் தறி ஓடுகிற வரை யாரும் எதையும் கவனிக்கமாட்டோம், நின்றால்தான் தலையைத் தூக்குவோம். நானும் தூக்கினேன். சும்மா இருக்கிற நேரத்தில் ஏதாவது தப்பு கையும் களவுமாகக் கிடைக்குமா என்று போனேன். ஆமாம், அதற்குத்தான் போனேன்.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. மூன்றரைக்குப் பெற்றவர்கள் வந்தால்தான் திறக்க வேண்டும் என்பது அங்கே கட்டளை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. தட்டில் சோறும் அதன்மேல் சாம்பாரும் இருந்தன. என் மகள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் நின்றிருந்தாள். பெரியவர்கள் ஒருத்தர்கூட இல்லை. சாம்பாரைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு இந்த அம்மா எங்கேயோ போய்விட்டார் என்று கொதித்துப்போனேன். செல்போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன்.

அப்போது தேஜு என்னைப் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை, ஓடி வரவும் இல்லை. விரலை உதட்டில் வைத்து, "ஷ்ஷ்" என்றாள்.

பெற்றவளையே வாயை மூடச் சொல்கிற அளவுக்கு இந்தப் பொம்பளை பழக்கி வைத்திருக்கிறாளா என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராகச் சங்க அறைக்குப் போய்ப் படத்தைச் செயலாளரிடம் காட்டினேன். "பாருங்க, டீச்சர் எங்க? ஆளே இல்ல." அவர் வாங்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார். "இத்த வச்சிக்கம்மா, இது போதும்" என்றார். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தறி ஓட ஆரம்பித்தது. நானும் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்றரைக்குக் கதவைத் தட்டினேன். நான்கு வயதுப் பையன் ஒருவன் குட்டை ஸ்டூலைப் போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறந்தான்.

"மெதுவா வாங்க. டீச்சர் தூங்கறாங்க."

தட்டெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. பாய்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அரிசி டிரம்முக்குப் பின்னால், அவ்வளவு உயரமான பொம்பளை, முழு நீளத்துக்கும் தரையில் கிடந்தார். தலைக்கு அடியில் ஒரு சின்னப் பாய் மடித்து வைத்திருந்தது. உடம்பின்மேல் பிள்ளைகளின் கைத்துண்டுகள். ஒரு துண்டு பத்தவில்லை என்று ஏழெட்டுத் துண்டுகளைக் கழுத்திலிருந்து கால்வரை வரிசையாகப் போர்த்தியிருந்தார்கள். வாய்க்குப் பக்கத்தில் மண் டம்ளரில் தண்ணீர் இருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே கன்னத்தைத் தட்டினேன். தேஜு வந்து என் தோளைத் தட்டி, "அழாதம்மா. நான் தண்ணி வச்சேன். அவங்க குடிக்கல," என்றாள். தண்ணீர் வைத்தால் தானே குடித்துக்கொள்ள வேண்டும். அப்படித்தானே அவள் கற்றிருந்தாள்.

நூத்தியெட்டில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எப்போது விழுந்தார் என்று டாக்டர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கூட வந்து நின்றிருந்த சங்கத்துக்காரர்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். நான் மத்தியானம் எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்று தெரிந்துகொள்ளப் படத்தைத் திறந்தேன். பன்னிரண்டு ஐம்பது. படத்தை விரலால் பெரிதாக்கினேன். பிள்ளைகளின் தலைகளுக்கு அந்தப் பக்கம், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் தரையில், பச்சைப் புடவைக் கரையும் இரண்டு பாதங்களும் இருந்தன.

ஆளே இல்லை என்று நான் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டிய படத்தில் ஆள் இருந்தார்.

"பன்னெண்டு அம்பதுக்கே வுழுந்துதான் கெடந்தாங்க," என்று டாக்டரிடம் சொன்னேன்.

"யாரு பாத்தது?"

"நான்தான்."

"பாத்துட்டா வுட்டுட்டு போன?" என்று நர்ஸ் கேட்டார். டாக்டர் மட்டும், "அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த முடிக்காத வாக்கியம் இன்றுவரை என்னோடு வருகிறது.

உயிர் பிழைத்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. தெருவில் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள். பிஞ்சுகள் எப்படிச் சமாளித்தன பார் என்று பாதிப் பேர். மற்றவர்கள், "நம்ம புள்ளைங்க மாதிரி ஒழுங்கா அழுதுருந்தா யாராச்சும் ஓடியாந்துருப்போம். அவளே அழாம பழக்கி அவளே மாட்டிகினா," என்றார்கள். அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் பதினான்கு பிள்ளைகளும் சேர்ந்து அழுதிருந்தாலும், அன்று ஜன்னலில் நின்ற நான் உள்ளே போயிருப்பேனா, அதையும் படம் பிடித்திருப்பேனா? அதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் அவரைப் பார்க்கத் துணிச்சல் வந்தது. கே.ஜி.கண்டிகையில் அவருடைய தம்பி வீட்டில் இருந்தார். தேஜுவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

நாங்கள் நுழைந்தபோது தம்பி மனைவி அவரைத் தலையணையில் சாய்த்து, குழைத்த சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தாள். நல்ல பெண், முகம் சுளிக்காமல் எல்லாம் செய்கிறாள். டீச்சர் வாயை இறுக்கி மூடியிருந்தார். அவள் கன்னத்தைப் பிடித்து, "ஆ காட்டுங்க அண்ணி, ஆ..." என்று கொஞ்சினாள். நான் தேஜுவிடம் கொஞ்சுவேனே, அப்படியே. டீச்சர் என் பக்கம் கண்ணைத் திருப்பினார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"எடது கை நல்லாதான கீது? தட்ட அந்தப் பக்கம் வச்சா அவங்களே சாப்புடுவாங்களே," என்றேன்.

"எடக்கையால சோறு துன்றதா? இன்னாம்மா பேசற? ஒடம்பு முடியாத பொம்பளைய இம்ச பண்றதுக்கா பஸ் புடிச்சி வந்த?"

இம்சை. நான் கோடு போட்டு எழுதிய வார்த்தை.

தட்டை அவள் கையிலிருந்து வாங்கி, டீச்சரின் இடது பக்கத்தில் வைத்தேன். அவருடைய இடது கை தட்டை நோக்கிப் போயிற்று. முதல் பிடி மடியில் விழுந்தது. இரண்டாவது தாடையில் ஒட்டியது. துடைக்க என் கை தானாக நீண்டது. திரும்பிப் பார்த்தேன். தேஜு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண் கொட்டாமல் நின்றிருந்தாள்.

"இரு, வருது," என்றாள் என்னிடம்.

நானும் கட்டிக்கொண்டேன். தட்டு காலியாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தம்பி மனைவி கோபித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அதன்பிறகுதான் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

"டீச்சர், மனு எழுதனது நான்தான். அதுக்குதான் ஆயாம்மாவ கூப்டாங்க, நீங்க தனியா இருந்தீங்க. நீங்க வுழுந்து கெடக்கும்போது ஜன்னல்ல நின்னு போட்டோ புடிச்சிகினு போனதும் நான்தான்."

அவர் இடது கையை நீட்டினார். செல்லைக் கேட்கிறார் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. நான் அந்தப் படத்தை அழிக்கவில்லை, அழிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்று வைத்திருந்தேன். திறந்து கொடுத்தேன். விரலால் மூலையைக் காட்டி, "இதோ, இது நீங்க," என்றேன்.

என் விரலை ஒதுக்கிவிட்டார். தன் பாதத்தை அவர் பார்க்கவே இல்லை. பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, கரண்டியோடு நிற்கிற தேஜுவிடம் நின்றார். ஒற்றை விரலால் படத்தைப் பெரிதாக்கத் தெரியாமல் தடவினார். நான் உதவவில்லை. நான்காவது தடவை அதுவாகவே பெரிதாயிற்று. தேஜுவின் காலடியை, தட்டுகளுக்கு நடுவில் இருக்கிற தரையை, வெகுநேரம் பார்த்தார். இழுத்துக்கொண்ட முகத்தின் நல்ல பாதி மலர்ந்தது.

"சிந்தல," என்றார் தேஜுவிடம், நாக்குக் குழற.

மூன்று மாதமாக நான் அந்தப் படத்தின் மூலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். தரையை அன்றுதான் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்கவில்லை.